ரெக்ஸ் இனி இந்த வீட்டில் இல்லை

தம்பி,

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபிப்பதற்கு உனக்குப் பிறகு நேரம் இருக்கும். ரெக்ஸ் இனி இந்த வீட்டில் இல்லை. நேற்றுக் காலை அன்ரன் வந்து கொண்டுபோய்விட்டான். அன்ரன் என்றால் எங்களுக்கு மீன் கொண்டுவருகிற குருநகர் அன்ரன். போனில் கதைக்கும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் கோர்ண் சத்தம் கேட்டால் “உது ஆரம்மா” என்று கேட்பாயே, அவன்தான். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் காரணம் சொல்லத் தொடங்கியிருப்பேன், நீ “அம்மா, மீற்றிங் ஒண்டு இருக்கு, பிறகு எடுக்கிறன்” என்று வைத்திருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதையும் நீ இடையில் வைத்துவிடலாம். ஆனால் திரும்ப எடுக்கும்போது விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாய்ப் படங்கள் அனுப்பினாய். பஞ்சு உருண்டைபோல ஒன்று, காது தரையில் இழுபடுகிற ஒன்று, கால் குட்டையாகி வயிறு நிலத்தில் தட்டுகிற ஒன்று, மூக்கே இல்லாத ஒன்று. பிறகு போன் எடுத்து, “ரெக்ஸ் உங்களுக்குப் பெரிசாப் போச்சுது அம்மா, விளங்குது. இதிலை சின்னனா ஒண்டைப் பாத்துச் சொல்லுங்கோ. இல்லாட்டிக் கொழும்பிலை அக்காவோடை போய் இருங்கோ. நாயும் இல்லாமல் தனிய அந்த வீட்டிலை இருக்க நான் விடமாட்டன்” என்றாய். விடமாட்டன். இந்த ஒரு சொல் மூன்று நாளாக என் காதில் கிடக்கிறது. எனக்கு எழுபத்தாறு வயது. உன் அப்பா இருந்த காலத்தில் ஒருநாளும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கன்னியர் மடத்து விடுதியில் எங்களை வளர்த்த சிஸ்டர்மார் சொல்வார்கள், ஆனால் அப்போது எனக்குப் பத்து வயது.

நீ என்ன செய்தாய் என்று ஒழுங்காகச் சொல்கிறேன், பிழை எங்கே என்று நீயே பார். போன தைப்பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஒழுங்கையில் ஒரு மனுசியின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு ஓடினார்கள். அதை உனக்கு நான் சொல்லவில்லை, முகநூலில் பார்த்தாயாம். அன்றிரவே நாய்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினாய். எது புத்திசாலி, எது விசுவாசம், எது காவலுக்குச் சிறந்தது, எது எஜமானுக்காக உயிரைக் கொடுக்கும். போனில் எனக்கு ஒரு பாடமே நடத்தினாய். ஜேர்மன் ஷெப்பேர்ட் என்றாய். நாங்கள் அல்சேஷன் என்போம், இரண்டும் ஒன்றுதான். நாயைப் பற்றி நீ எல்லாம் வாசித்திருந்தாய். நாய் வரப்போகிற வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இங்கே யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், என்ன சமைக்கிறோம், சங்கிலியைப் பிடிக்கப்போகிற கைக்கு எத்தனை வயது, ஒன்றுமில்லை. நான் வேண்டாம் என்று தெளிவான தமிழில் சொன்னேன். அடுத்த கிழமை கொழும்பு வான் படலைக்கு முன்னால் நின்றது. சாரதி கூட்டை இறக்கிவைத்து, “அம்மா, இவர் வழி முழுக்கச் சத்தி எடுத்தவர். தண்ணி குடுங்கோ முதல்” என்றான். காது இரண்டும் மடிந்து, நாலு காலும் நடுங்கிக்கொண்டு ஒரு குட்டி. அதைத் திருப்பி ஏற்றிவிட என்னால் முடியுமா? முடியாது என்று உனக்குத் தெரியும். அதை நம்பித்தான் அனுப்பினாய், அதுதான் எனக்கு ஆத்திரம்.

ரெக்ஸ் என்று பெயரும் அங்கிருந்தே வைத்துவிட்டாய். இலத்தீனில் அரசன் என்று அர்த்தம். சைவப் பிள்ளைகளாகிய நாங்களும் மடத்துச் சிற்றாலயத்தில் அந்தப் பாட்டுகளைப் பாடித்தான் வளர்ந்தோம். அரசனை அனுப்பியவன் அரண்மனையையும் ஆட்களையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். காலையும் மாலையும் நன்றாக ஓடவிட வேண்டும் என்று விற்ற மனிதர் போனில் சொன்னார். யார் ஓடுவது? கிணற்றடிக்குப் போய் வந்தாலே என் முழங்கால் கணக்குக் கேட்கிறது. “ஆள் பிடிச்சுத் தாறன்” என்றாய், அந்த ஆளை நான் இன்னும் காணவில்லை. வைகாசி வெயிலில் அந்த உயிர் இரட்டை உரோமத்தோடு பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வாழையடியில் குழி தோண்டி, அதற்குள் வயிற்றை வைத்து, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கிடந்தது. உரோமம் மட்டும் வீடெல்லாம் நடந்து திரிந்தது. சாமி அறையில் விளக்குத் திரியை எடுத்தால் அதில் நாய் மயிர். கூட்டிய இடத்தைத் திரும்பக் கூட்டுவதிலேயே என் காலை போனது.

பிறகு நல்லூர்த் திருவிழா வந்தது. நீ இந்தத் தேர்முட்டிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். கொடியேறினால் இறங்கும்வரை எங்கள் குசினியில் மச்சம் இல்லை என்பது உனக்குத் தெரியாததா? மீனும் இல்லை, முட்டையும் இல்லை, வீதியில் மீன்காரர் கோர்ணும் அடிக்க மாட்டார்கள். இறைச்சி தின்னப் பிறந்த ஒரு நாயை இந்த வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நினைவு உனக்கு வரவில்லை. நான் பருப்பும் சோறும் குழைத்து வைத்தேன். சட்டியைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், திரும்பச் சட்டியைப் பார்க்கும். விலா எலும்பு தெரியத் தொடங்கியது, தோலில் புண் வந்தது. நீ சொன்ன நாய்ச் சாப்பாட்டுப் பையை வாங்கிப் பிரித்தால் வீடு முழுக்கக் கருவாட்டு மணம். குளித்து முழுகிக் கோயிலுக்குப் போகிறவள் அந்தக் கையோடு எப்படி விளக்கு ஏற்றுவது? உன்னிடம் சொன்னேன். “ஒரு மாசத்துக்குத்தானே அம்மா, கையுறை போடுங்கோ” என்றாய்.

அப்போது அன்ரன்தான் வழி சொன்னான். திருவிழாவுக்குப் பாணோ சீனியோ வாங்கித் தரவோ என்று கேட்க வந்தவன், நாயைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஆளைப் பட்டினி போட்டிருக்கிறியள்” என்றான்.

“விரதமெடா. வீட்டிலை மச்சம் இல்லை எண்டு உனக்குத் தெரியுந்தானே.”

“நீங்கள் பிடியுங்கோ விரதம். உங்கடை நாய் சைவமில்லை அம்மா, எங்களைப்போலை வேதக்காறன், முகத்தைப் பாத்தாலே தெரியுது. அவரை நான் பாக்கிறன்.”

அன்றிலிருந்து திருவிழா முடியும்வரை அவன் மனைவி ஜெசிந்தா மீன்தலை அவித்து ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளியில் போட்டுக் கொடுப்பாள், அவன் அதைக் கொண்டுவந்து படலைக்கு மேலால் கவிழ்ப்பான். உள்ளே வருவதில்லை, நானும் வெளியே வருவதில்லை. அவன் ரெக்ஸ் என்று கூப்பிட்டதும் இல்லை. “டேய் ராசா” என்பான், நாய் மதிலளவுக்குத் துள்ளும். உலகத்திலேயே நாய்க்குத் தெரிந்த மனிதர் அதோடு இரண்டு பேர் ஆனோம்.

இரண்டு பேர்தான் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வீட்டுக்கு நாள்தோறும் வந்த மூன்றாவது ஆளை நீ தகரம் வைத்து அடைத்துவிட்டாய். பின்வளவுக் கிளுவை வேலியில் ஒரு பொட்டு இருந்தது, மறந்திருப்பாய். ஒரு ஆள் தோளைச் சரித்து நுழையக்கூடிய இடைவெளி. அந்தப் பக்கம் புவனம் வீடு. அவள் முப்பது வருசமாகத் தெருவால் சுற்றி வந்ததில்லை, அந்தப் பொட்டால்தான் வருவாள். கையில் ஒரு கிண்ணம் சொதியோ நாலு முருங்கைக்காயோ இருக்கும், இல்லாவிட்டால் வாயில் ஊர்ப் புதினம் ஒன்று இருக்கும். நாய் தப்பி ஓட வழியிருக்கக் கூடாது என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு, நீ அங்கிருந்தே ஆள் பிடித்துப் பின்வேலிக்குத் தகரம் அடிப்பித்தாய். நாய்க்கு ஆள் பிடிக்க முடியாத உனக்குத் தகரத்துக்கு மட்டும் உடனே ஆள் கிடைத்தது. முதல் ஆணி இறங்கியபோது புவனம் தன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னக்கா, எனக்கே தகரம் அடிக்கிறியள்?”

“உனக்கில்லையடி, நாய்க்கு.”

“நாய் இந்தப் பொட்டாலை வாறேல்லையே. நான்தானே வாறனான்.”

உன் பெயரைச் சொன்னேன். “தம்பி சொன்னவன்” என்றேன். “அப்பச் சரி, தம்பியை விட்டு உங்களைப் பாக்கச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு இரண்டொரு முறை தெருவால் சுற்றி வந்து பார்த்தாள். முன்படலை பூட்டு, உள்ளே நாய் பாய்கிறது, நான் திறப்பை எடுத்துப் போய்ப் பூட்டைத் திறப்பதற்குள் சொதி ஆறிவிடும். பிறகு கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்தாள். பிறகு அதுவும் குறைந்தது. கொண்டாட்டத்துக்கு வருகிறவளை இழந்தேன் என்று நான் அழவில்லை, தம்பி. விடிய எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சத்தம் கேட்காவிட்டால் “என்னக்கா, இண்டைக்கு மோட்டர் போடேல்லை?” என்று தலையை நீட்டுகிறவள் அவள். பூக் கொய்யாமல் இருந்தால் எனக்குக் காய்ச்சலா என்று கேட்பாள். குசினி விளக்கு ஏன் வழக்கத்தைவிட நேரம் சென்று அணைந்தது என்று கேட்பாள். கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வீட்டில் இருந்த காவல் அதுதான். நீ காவலுக்கு நாய் அனுப்பினாய். இருந்த காவலை அடைத்துவிட்டுத்தான் அது உள்ளே வந்தது.

நாயில் பிழை இல்லை, இதை நீ நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த இனம் தன் வீட்டார் யார் என்று குட்டிக் காலத்தில் எண்ணி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிற எல்லாரும் அந்நியர். ரெக்ஸ் எண்ணிப் பார்த்த காலத்தில் இந்த வளவுக்குள் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இந்த மனுசிக்கு வேறு ஆட்கள் கிடையாது என்று நாங்கள்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்தோம். அது நம்பியது.

நான் விழுந்ததைப் பற்றி உனக்குப் போனில் “வழுக்கிப்போட்டுது” என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் இப்போது எழுதுகிறேன். கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை. கிணற்றடியில் பாசி. நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். ரெக்ஸுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை, பாரம் மட்டும் ஒரு இளந்தாரியின் பாரம். மதிலில் அணில் ஓடியதைக் கண்டு என் காலில் பின்னாலிருந்து மோதிக்கொண்டு பாய்ந்தது. அவ்வளவுதான். இடது கையை ஊன்றினேன், மணிக்கட்டில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, பிறகு வானம்தான் தெரிந்தது. இடுப்பும் எழும்ப விடவில்லை. நான் கூப்பிட்ட சத்தத்துக்குப் புவனம் வேலியடிக்கு ஓடி வந்தாள்.

“அக்கா, விழுந்திட்டியளே? கதையுங்கோ அக்கா.”

“கதைக்கிறன். கத்தாதை.”

அவள் தகரத்தில் கை வைத்த உடனேயே நாய் என்னைத் தாண்டி வந்து நின்றுகொண்டது. உரோமமெல்லாம் சிலிர்த்து, பல் முழுக்கத் தெரிய, தகரத்தைப் பார்த்து உறுமுகிறது. இடைக்கிடை திரும்பி என் முகத்தை நக்குகிறது. பிறகு திரும்ப உறுமுகிறது. நான் போ என்றேன், போகவில்லை. நிலத்தில் கிடந்துகொண்டு நான் சொல்கிற போ அதற்கு விளங்கவில்லை. அது தன் உத்தியோகத்தைச் செய்தது.

“படலைத் திறப்பு எங்கை அக்கா?”

“என்ரை இடுப்பிலை.”

“அப்ப நான் எப்பிடி வாறது?”

அவள் தெருவால் சுற்றி ஓடிப்போய்ப் படலையில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் படலைக்கு வெளியே. நாய் படலைக்கு ஓடுவதும் என்னிடம் திரும்பி வருவதுமாக இருந்தது. ஒருவர் தடி எடுத்தார், இன்னொருவர் பொலிசுக்கு அடியுங்கோ என்றார். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. தோய்த்து வைத்த சேலை வாளிக்குள் கிடக்கிறது, ஈரச் சீமெந்தில் நான் கிடக்கிறேன், இருபது அடிக்கு அப்பால் என்னைத் தூக்க ஆயத்தமாகப் பத்துப் பேர் நிற்கிறார்கள், நடுவில் நீ அனுப்பிய பாதுகாப்பு நிற்கிறது. நீ ரொறன்ரோவில் நித்திரை. அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, அங்கே இரவு. ஆனால் அந்த நேரம் நான் நினைத்தது உன்னைத்தான். நல்லவிதமாக அல்ல.

பிறகு அன்ரனின் கோர்ண் கேட்டது. சனத்தைப் பார்த்துவிட்டு அவன் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு மதிலில் ஏறினான். “டேய் ராசா, இஞ்சை பார்” என்று பெட்டியிலிருந்து ஒரு முழுப் பாரை மீனை எடுத்து ஆட்டினான். நாய் காதை இறக்கிக்கொண்டு வாலாட்டியது. மீனைக் கராஜுக்குள் எறிந்தான், அது பின்னால் போனது, கதவைச் சாத்தினான். பிறகு கிணற்றடிக்கு வந்தவனை நான் மறித்தேன்.

“அன்ரன், அங்கையே நில். புவனம் முதல் வரட்டும், என்ரை சீலையைச் சரியாக்க வேணும்.”

“அம்மா, புவனமக்காவாலை மதில் ஏற ஏலாது. நான் அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறன், திறப்பை எறியுங்கோ.”

வலது கையால் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து எறிந்தேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டே பின்னுக்கு நடந்து அதை எடுத்தான். புவனம் உள்ளே வந்தவுடன் என் சேலையைச் சரிசெய்தாள், முகத்தைத் துடைத்தாள், பிறகுதான் தன் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை நான் எழுதவில்லை. அதில் முக்கால்வாசி உன்னைப் பற்றியது.

இதொன்றும் தெரியாமல் நீ எனக்கு இன்னும் நாய்ப் படங்கள் அனுப்புகிறாய். பெரியது சரிவரவில்லை, அதனால் சின்னது சரிவரும் என்று நினைக்கிறாய். அளவில் பிழை இருக்கவில்லை, தம்பி. அந்தப் பஞ்சு உருண்டைக்கு நாள்தோறும் தலை சீவ வேண்டுமாம், எனக்கு என் தலையைச் சீவவே இப்போது ஒரு கைதான் இருக்கிறது. மூக்கில்லாத நாய் குளிரூட்டி இல்லாத வீட்டில் மூச்சு விடாதாம். குட்டைக் கால் நாய் என் காலுக்குள்தான் ஓடும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பிப் போனது உனக்கு நினைவிருக்கும். சைக்கிளில் சட்டி பானை, அதற்கு மேல் நீ. எங்கள் ஊர்நாய் வீமனைக் கட்டு அவிழ்த்துவிட்டு, அப்பா ஒரு பானைச் சோற்றை முற்றத்தில் வைத்துவிட்டுத்தான் படலையைச் சாத்தினார். நீ தென்மராட்சி போகும்வரை அழுதாய். மாதக் கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது வீமன் எலும்பும் தோலுமாகக் கோயில் பின்வீதியால் ஓடி வந்தான். யார் கையால் கொடுத்தாலும் தின்னும், எங்கே விட்டாலும் படுக்கும் நாய். எங்கள் ஒழுங்கை டொக்டர் வீட்டிலும் ஒரு அல்சேஷன் இருந்தது. அதையும் அவிழ்த்துத்தான் விட்டுப் போனார்கள். அது வாசலை விட்டு எங்கும் போகவில்லை. வந்து பார்த்தவர்கள் அந்த வாசலிலேயே அதன் எலும்புகளைக் கண்டார்கள். உனக்கு அப்போது அதைச் சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு வீட்டுக்கு நாய் எடுப்பதென்றால் வீட்டார் இருக்கிற காலத்தை மட்டும் பார்த்தால் போதாது, இல்லாமல் போகிற காலத்தையும் பார்க்க வேண்டும். ரெக்ஸின் வயதையும் என் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார். அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கிறது. எனக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் போன பிறகு என் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு நாயை யார் என்ன செய்வார்கள்? நீ அங்கிருந்து படம் பார்த்தா ஆள் பிடிப்பாய்? இளமையில் இடம் மாற்றினால் தன் வீட்டாரை இன்னும் ஒருமுறை எண்ணிக்கொள்ளும். காத்திருந்தால் எண்ணாது. நான் காத்திருக்கவில்லை.

நாயைத் தான் வளர்க்கிறேன் என்று அன்ரன் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்தேன் என்றும் நினைக்காதே. கையில் பிளாஸ்டரோடு ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனேன், புவனமும் வந்தாள். பொம்பிளை பார்க்கப் போவதுபோல் ஜெசிந்தாவை உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். பகலில் வீட்டில் யார் யார், நாய்க்கு நிழல் எங்கே, கட்டி வைப்பார்களா, குளிப்பாட்டுவது யார், சுகமில்லாவிட்டால் எந்த டொக்டர், கடலுக்குப் போனால் சோறு வைப்பது யார். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நாலு பிள்ளைகள், அன்ரனின் தாய், இரண்டு மைத்துனர்கள், வாசலில் வலை திருத்த வந்து குந்துகிறவர்கள். நாய் தனிய இருக்க நினைத்தாலும் முடியாத வீடு. கடைசியில் ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

“அம்மா, என்னைக் கட்டேக்கை என்ரை மாமிகூட உவ்வளவு கேக்கேல்லை.”

மூலையில் இருந்த அன்ரனின் தாய், “கேட்டிருந்தா இந்தக் கலியாணம் நடந்திராது” என்றார். ஜெசிந்தா மாமியின் மேல் வலைத் துண்டு ஒன்றை எறிந்தாள். எனக்கு அந்த வீடு பிடித்தது.

நேற்று அன்ரன் ஓட்டோவோடு வந்தபோது ரெக்ஸ் முதலில் ஏறவில்லை. என் காலடியில் படுத்துக்கொண்டது. சங்கிலியை அன்ரனின் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே போய் யன்னலைச் சாத்தினேன், நான் நிற்கும்வரை அது போகாது என்று தெரியும். சிறிது நேரம் குரைத்தது. பிறகு “டேய் ராசா” என்று கேட்டது. பிறகு ஓட்டோச் சத்தம். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எனக்குக் கவலையில்லை என்று நான் எழுத மாட்டேன், பொய் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கவலை வேறு, சரி வேறு.

அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய நாயை மீன்காரனுக்குச் சும்மா கொடுத்தீர்களா என்று நீ கேட்பாய். கேட்க முதல் ஒருமுறை யோசி. கிணற்றடியில் நான் கிடந்தபோது உன் காசு எங்கே நின்றது, அவன் எங்கே நின்றான் என்று யோசி. அந்தக் கேள்வியை நீ வாய்விட்டுக் கேட்டால் உன்னை வளர்த்தவள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும், ஆகவே கேட்காதே.

கொழும்புக்கு நான் போகப்போவதில்லை. உன் அக்காவுக்கும் எழுதிவிட்டேன். அவள் வீடு மூன்றாம் மாடி, அங்கே நான் விழுந்தால் பக்கத்துக் கதவுக்காரருக்கு என் பெயரே தெரியாது. நாயும் எனக்கு வேண்டாம், சின்னதும் வேண்டாம். நேற்று ஓட்டோ போன பிறகு புவனத்தின் மனுசன் தகரத்தைக் கழற்றிவிட்டார். படலைத் திறப்பில் ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். நேற்றிரவு தொடக்கம் புவனத்தின் மகள் படிக்கிற புத்தகங்களோடு இங்கே வந்து படுக்கிறாள்; அந்தப் பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரையை நான் திருத்துகிறேன், ஒரு வசனத்தில் மூன்று பிழை விடுகிறாள், எனக்கு நல்ல பொழுதுபோக்கு. இவை நான் ஒழுங்குசெய்த ஒழுங்குகள். உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, அறிவித்து எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புவனம் புட்டோடு வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள்.

“ஆருக்கக்கா உவ்வளவு பெரிய கடிதம்?”

“தம்பிக்கு.”

“அவன் வாசிப்பானே?”

“வாசிப்பான். வாசிக்க வைக்கத்தானே வளத்தது.”

“அப்ப நான் சொன்னதுகளையும் எழுதினியளே?”

எழுதவில்லை என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் எடு, கதைப்போம். ஆனால் கொழும்புக் கதையை எடுக்காதே. எடுத்தாயோ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். போனைப் புவனத்தின் கையில் கொடுத்துவிட்டுப் பூக் கொய்யப் போய்விடுவேன். அவள் உன்னோடு கதைக்க ஒரு வருசத்துக் கதை வைத்திருக்கிறாள், அவளுக்கு மீற்றிங்கும் இல்லை.

அம்மா